ஊர்ப் பெயரில் 168 எழுத்து... தெரியுமா?

சென்னையில் விமானம் ஏறி, ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தால் பாங்காக்! சுமார் மூன்றரை மணி நேரம்தான்! நானும் என் வீட்டுக்காரரும் ஐந்து நாள் சுற்றினோம். அவர் எது கிடைத்தாலும் ஒரு கை பார்ப்பவர். நான் முட்டைகூடத் தொடாத சைவம். இப்படி ஒரு ஜோடி அந்த ஊரில் எத்தனை முறை வாயைப் பிளந்தது தெரியுமா? எண்ணி மாளாது! பொறுக்கி எடுத்தவை மட்டும் இதோ!

பெயரைச் சொல்லவே மூச்சு வாங்கும்!

பாங்காக் என்பது வெளியூர்க்காரர்கள் வாயில் புழங்கும் பெயர். உள்ளூர்க்காரர்கள் சுருக்கமாக ‘குருங் தேப்’ என்கிறார்கள். முழுப் பெயருக்கு எத்தனை எழுத்து தெரியுமா? தாய்லாந்து மொழியில் 168! உலகிலேயே நீளமான ஊர்ப் பெயர் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறிவிட்டது! காது கொடுத்துக் கேட்டால் மகாநகரம், அயோத்தியா, நவரத்தினம், ராஜதானி என்று நமக்குத் தெரிந்த சொற்களாகவே வரும். இந்திரன் சொல்லி விசுவகர்மா கட்டிய நகரமாம்! கணக்குப்படி பார்த்தால், 1782-ல் முதலாம் ராமா மன்னர் தலைநகராக்கிய ஊர்!

2068 வரை கெடாத பால்!

முதல் ராத்திரி. காபி போடப் பால் வாங்கினோம். பாட்டிலில் காலாவதித் தேதியைப் பார்த்த என் வீட்டுக்காரர் கத்தினார்: “இங்க பாரு, 68-ஆம் வருஷம் வரைக்கும் கெடாதாம்!” நானும் அரண்டுபோனேன். 43 வருஷம் தாங்குகிற பாலா? விஷயம் என்ன தெரியுமா? அங்கே புழக்கத்தில் இருப்பது புத்த ஆண்டு! நம் ஆண்டைவிட 543 கூடுதல்! நமக்கு 2025 என்றால் அவர்களுக்கு 2568! அந்த 68-தான் பாட்டிலில் இருந்தது! பால் ஒரே வாரத்தில் கெட்டுவிடும்!

“சாப்பிட்டாச்சா?”

விடுதி வரவேற்பறையில் இருந்த பெண் எங்களைப் பார்க்கும்போதெல்லாம் “கின் காவ் ரூ யாங்?” என்பாள். காலைச் சாப்பாட்டுக்குத் தனியாகக் காசு கேட்கிறாள் என்று நினைத்து இரண்டு நாள் நழுவி நழுவி ஓடினோம். அர்த்தம் என்ன தெரியுமா? “சோறு சாப்பிட்டாச்சா?” அவ்வளவுதான்! நம் ஊர் மாதிரியே அங்கேயும் அதுதான் நலம் விசாரிப்பு!

கிழமையெல்லாம் நம்ம ஆளுங்க!

ஞாயிறு – வான் ஆதித். திங்கள் – வான் சன். செவ்வாய் – வான் அங்கான். புதன் – வான் புத். வெள்ளி – வான் சுக். சனி – வான் சாவ். ஆதித்தன், சந்திரன், அங்காரகன், புதன், சுக்கிரன், சனி... நவகிரகத்தைச் சுற்றி வந்த மாதிரி இல்லை? இன்னொன்று கேளுங்கள். ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு நிறம் உண்டு! திங்களுக்கு மஞ்சள், செவ்வாய்க்கு இளஞ்சிவப்பு, புதனுக்குப் பச்சை! அந்தப் பெண் திங்கட்கிழமை மஞ்சள் சட்டையில் நின்றதன் ரகசியம் இதுதான்!

கீழே விழுந்ததும் தங்கமான புத்தர்!

வாட் திரைமித் கோயிலில் ஒரு சுதைச் சிலை இருந்தது. வைக்க இடமில்லாமல் 20 வருஷம் தகரக் கூரைக்குக் கீழே கிடந்தது. 1955-ல் அதை இடம் மாற்றினார்கள். கயிறு அறுந்தது! சிலை தொப்பென்று விழுந்தது! சுதை பெயர்ந்தது! உள்ளே என்ன தெரியுமா? தங்கம்! எடை எவ்வளவு? சுமார் ஐந்தரை டன்! எதிரிகள் கண்ணில் படக் கூடாது என்று எந்தக் காலத்திலோ பூசி மறைத்திருக்கிறார்கள், பூசியவர்களோடு ரகசியமும் போய்விட்டது! “நம்ம வீட்டு அம்மிக்கல்லையும் ஒரு தடவை கீழே போட்டுப் பார்த்துடலாமா?” என்று கேட்டார் என் வீட்டுக்காரர்!

46 மீட்டர் புத்தர், 108 கிண்ணம்!

வாட் போ கோயிலில் படுத்திருக்கும் புத்தரின் நீளம் 46 மீட்டர்! உயரம் 15 மீட்டர்! மண்டபத்துக்குள் எங்கே நின்றாலும் முழு உருவமும் ஒரு படத்தில் அடங்காது! உள்ளங்காலில் முத்துச்சிப்பி பதித்து 108 மங்கலச் சின்னங்கள்! முதுகுப் பக்கம் வரிசையாக 108 வெண்கலக் கிண்ணங்கள். 20 பாட் கொடுத்தால் ஒரு சின்னப் பாத்திரம் நிறையச் சில்லறை தருவார்கள். ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு காசு. டிங்... டிங்... டிங்! கண்ணை மூடினால் தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம்! எங்களுக்குக் கடைசி நாலு கிண்ணத்துக்குக் காசு பத்தவில்லை! நடுவில் எங்கோ இரண்டு இரண்டாகப் போட்டிருக்கிறார் ஒருத்தர்!

அனுமாருக்குக் கல்யாணம்!

அரண்மனை வளாகத்தில் மரகத புத்தர் கோயில். பெயர்தான் மரகதம், சிலை பச்சை நிற ஜேட் கல்! உயரம் வெறும் 66 சென்டிமீட்டர்! கோடை, மழை, குளிர் என்று வருஷத்துக்கு மூன்று முறை அவருக்கு உடை மாற்றுகிறார்கள். மாற்றுபவர் யார் தெரியுமா? நாட்டின் மன்னரே!

சுற்றுச்சுவரில் 178 ஓவியங்கள், அத்தனையும் ராமாயணம்! அங்கே அதன் பெயர் ராமகியன். அதில் அனுமார் பிரம்மச்சாரியே இல்லை! சேது கட்டும்போது கல்லைத் திருட வந்த கடல்கன்னி சுவர்ணமச்சா மேல் காதல்! அவள் யார் தெரியுமா? ராவணனின் மகள்! இருவருக்கும் ஒரு பிள்ளையும் உண்டு! நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்!

ஊஞ்சலில் ஒளிந்திருக்கும் மார்கழி!

நகர நடுவே ராட்சத ஊஞ்சல்! சிவப்புத் தூண்கள், அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும்! ஒரு காலத்தில் இதில் வீசி ஆடி, மூங்கில் கழி நுனியில் கட்டிய காசுப் பையைப் பல்லால் கவ்வுவார்களாம்! 1935-க்குப் பிறகு ஆட்டம் நின்றுபோனது. அந்த விழாவின் பெயர் என்ன தெரியுமா? ‘திரியம்பவாய் – திரிபவாய்’! இன்னொரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். திருவெம்பாவை, திருப்பாவை! ஊஞ்சல் ஓய்ந்தாலும், பக்கத்திலிருக்கும் தேவஸ்தானம் என்ற கோயிலுக்குள் அரசவை அந்தணர்கள் சடங்கை இன்னும் விடவில்லை! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது!

ஒரு கிண்ணம் நூடுல்ஸ், ரெண்டே வாய்!

படகு நூடுல்ஸ் தெரியுமா? அந்தக் காலத்தில் கால்வாயில் படகிலேயே அடுப்பு மூட்டி விற்றார்கள். துடுப்பும் போட்டுக்கொண்டு பெரிய கிண்ணத்தை நீட்டினால் சூப்பு கொட்டிவிடும். அதனால் கிண்ணத்தைச் சின்னதாக்கிவிட்டார்கள்! இப்போது கடைகள் கரையேறிவிட்டன, கிண்ணம் மட்டும் வளரவே இல்லை! இரண்டு வாயில் காலி! காலிக் கிண்ணங்களை மேசையிலேயே கோபுரமாக அடுக்க வேண்டும், எண்ணித்தான் காசு! என் வீட்டுக்காரர் 14 அடுக்கினார்! சூப்பு கெட்டியாக இருக்க அதில் என்ன சேர்ப்பார்கள் தெரியுமா? ரத்தம்! கேட்டதும் 15-ஆவது கிண்ணத்தை மெதுவாகத் தள்ளி வைத்தார்!

அரை நூற்றாண்டாகக் கொதிக்கும் குழம்பு!

ஏகமாய் பகுதியில் ஒரு மாட்டிறைச்சிக் குழம்புக் கடை. வாசலிலேயே குளியல் தொட்டி மாதிரி ஓர் அண்டா! ராத்திரி மிஞ்சுகிற சாறு மறுநாள் குழம்புக்கு அடிச்சாறு. அது மிஞ்சினால் அதற்கு மறுநாளுக்கு! இப்படியே சுமார் 50 வருஷம்! நம் வீட்டில் நேற்று வைத்த மீன் குழம்பின் ருசி தெரியும் அல்லவா? இது ஐம்பது வருஷ ‘நேற்று’!

‘17’ தெரிந்தால் சைவம் நிச்சயம்!

சரி, என் வயிறு? தாய்லாந்துச் சமையலில் மீன் சாறு விழாத பண்டம் அபூர்வம்! பப்பாளிக்காய் சாலட்டில்கூட உலர்ந்த இறால்! இரண்டு வேளை வெறும் பழம்தான் தின்றேன். அப்புறம்தான் சூட்சுமம் பிடிபட்டது. மஞ்சள் கொடியில் சிவப்பாக ‘17’ மாதிரி ஓர் எழுத்து தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போகலாம்! அது 17 இல்லை, ‘ஜே’ என்ற சொல்! மீன் கிடையாது, முட்டை கிடையாது, வெங்காயம் பூண்டுகூடக் கிடையாது! பாங்காக் தெருவில் விரதச் சாப்பாடு! மாம்பழமும் தேங்காய்ப் பாலில் ஊறிய ஒட்டரிசிச் சோறும் தனிக் கதை. நாலு நாளில் ஆறு தட்டு!

தெருக்கடைக்கு மிஷ்லின் நட்சத்திரம்!

ஜெய் ஃபாய் என்ற பாட்டியம்மா. பனிச்சறுக்கு வீரர் மாதிரி கண்ணில் பெரிய கண்ணாடி! எண்ணெய் தெறிக்காமல் இருக்கத்தான்! கரியடுப்பில் இவர் சுருட்டி எடுக்கும் நண்டு ஆம்லெட் அவ்வளவு பிரபலம். பாங்காக்கின் முதல் மிஷ்லின் உணவகக் கையேட்டிலேயே, 2018 பதிப்பில், இந்தச் சாலையோரக் கடைக்கு ஒரு நட்சத்திரம்! நாங்கள் சாப்பிட்டோமா? வரிசையைப் பார்த்தோம், எதிர்ப்பக்கம் நின்று வாசனை பிடித்தோம், திரும்பிவிட்டோம்!

கத்தி இல்லை, முள்கரண்டி வாய்க்குப் போகாது!

தாய்லாந்தில் சோற்றுக்குக் குச்சி கிடையாது, தெரியுமா? வலது கையில் கரண்டி, இடது கையில் முள்கரண்டி. முள்கரண்டியின் வேலை சோற்றைக் கரண்டிக்குத் தள்ளுவது மட்டுமே! குச்சியெல்லாம் நூடுல்ஸுக்கு!

கூரை குனியும் படகு!

சேன் சேப் கால்வாயில் நகரப் பேருந்து மாதிரி ஓடுகிறது படகு! சுமார் 18 கிலோமீட்டர்! நடத்துநர் எங்கே நிற்கிறார் தெரியுமா? படகுக்கு வெளியே, விளிம்பில்! தலையில் ஹெல்மெட், ஒரு கையில் கயிறு, மறு கையில் டிக்கெட்! தாழ்ந்த பாலம் வந்தால் படகின் கூரையே கீழே இறங்கும்! எதிர்ப் படகு வந்தால் ஓரத்தில் இருப்பவர் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்த வேண்டும். எனக்கு அது தெரியாது! கால்வாய்த் தண்ணீர் முழுக்க என் வீட்டுக்காரர் முகத்தில்!

தக்காளி மேல் ரயில்!

பாங்காக்கிலிருந்து ஒரு பகல் பயணம், மேக்லாங். தண்டவாளத்தின் மேலேயே காய்கறிச் சந்தை! ரயில் சங்கு ஊதியதும் கடைக்காரர்கள் சாவகாசமாகப் பந்தலை மடக்குவார்கள், கூடையை இழுப்பார்கள். தரையோடு தரையாக இருக்கும் தக்காளி, கத்தரிக்காயை நகர்த்துவதே இல்லை! அவற்றுக்கு மேலேயே ரயில் போகும்! கடைசிப் பெட்டி தாண்டிய மறுநிமிஷம் பேரம் தொடரும்! ‘குடை மடக்கும் சந்தை’ என்றே செல்லப் பெயர்!

சாமிக்கு ஃபேன்டா!

வீட்டு வாசல், கடை வாசல், அடுக்குமாடி வாசல்... எங்கும் தூண்மேல் ஒரு குட்டி வீடு. நிலத்துக் காவல் தெய்வத்துக்கு! படையல் என்ன தெரியுமா? சிவப்பு ஃபேன்டா! மூடி திறந்து, உறிஞ்சுகுழலும் போட்டு!

ஓடுகிறவரும் சிலையாவார்!

காலை 8 மணி, மாலை 6 மணி. ஒலிபெருக்கியில் தேசிய கீதம்! பூங்காவில் ஓடிக்கொண்டிருப்பவர் அப்படியே நிற்பார்! ரயில் நிலையத்தில் நடப்பவர்களும் நிற்பார்கள்! லும்பினி பூங்காவில் நாங்களும் நின்றோம். அசைந்தது ஒன்றே ஒன்று. குளத்திலிருந்து ஏறி வந்த ஆளுயர நீர் உடும்பு! அதன் தாய்லாந்துப் பெயரே அங்கே வசவு என்பதால், மரியாதையாக அழைக்கும் பெயர் என்ன தெரியுமா? ‘வெள்ளியும் தங்கமும்’!

சிரிப்புக்கு எண் 555!

தாய்லாந்து மொழியில் ஐந்துக்கு ‘ஹா’ என்று பெயர். அப்படியானால் 555? ஹா ஹா ஹா! கைப்பேசியில் சிரிக்க வேண்டுமென்றால் 555 என்று தட்டிவிடுவார்கள்! நான் முதலில் அதை விடுதியின் அறை எண் என்று நினைத்தேன்!

கிளம்பும் நாள். சுவர்ணபூமி விமான நிலையத்தில் கடவுச்சீட்டுச் சோதனை தாண்டியதும் பிரம்மாண்டமான சிலை! தேவர்கள் ஒரு பக்கம், அசுரர்கள் மறுபக்கம், நடுவே பாம்பு! பாற்கடல் கடைகிறார்கள்! “அமுதம் கிடைச்சுடுச்சு, ஆறு தட்டு நீதான் சாப்பிட்டே!” என்றார் என் வீட்டுக்காரர்.

சென்னையில் இறங்கியதும் மாமியார் போன். முதல் கேள்வி என்ன தெரியுமா? “சாப்பிட்டீங்களா?”

அப்போதுதான் அந்த வரவேற்பறைப் பெண் நினைவுக்கு வந்தாள். ஐந்து நாள் கேட்டாளே, ஒரு நாளாவது நாம் திருப்பிக் கேட்டோமா? விடுதியின் எண்ணுக்கு உடனே ஒரு செய்தி தட்டினேன்: “கின் காவ் ரூ யாங்?”

பெட்டி வருவதற்குள் பதில் வந்துவிட்டது. மூன்றே எண்கள்!

என்னவென்று உங்களுக்கே தெரியுமே!