மதிப்பீட்டைக் கேள்வி கேட்கும் உரிமை

விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை செல்லும் சாலையில் அமைந்துள்ளது மங்கலம்பேட்டை பேரூராட்சி. அதற்குக் கிழக்கே நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் விரிந்து கிடக்கின்றன. இந்த வட்டாரத்தில் வாழும் ஒரு குடும்பம், தன் சொத்துக்கு இரண்டு மதிப்பீடுகளைச் சந்திக்க நேரலாம். ஒன்று, வீட்டுக்கான சொத்து வரி. மற்றொன்று, சுரங்கத்துக்காக நிலம் எடுக்கப்பட்டால் வழங்கப்படும் இழப்பீடு. முன்னதில் மதிப்பு கூடினால் குடும்பத்துக்கு நட்டம். பின்னதில் மதிப்பு குறைந்தால் நட்டம். இரண்டு மதிப்பையும் நிர்ணயிப்பவர்கள் அதிகாரிகளே.

முதலில் வீட்டை எடுத்துக்கொள்வோம். கட்டடத்தின் பரப்பளவு, அது அமைந்துள்ள மண்டலம், கட்டடத்தின் வகை, பயன்பாடு, வயது ஆகியவற்றைக் கொண்டே சொத்து வரி கணக்கிடப்படுகிறது. 2022 ஏப்ரலில் தமிழக அரசு இவ்வரியை உயர்த்தியபோது, பேரூராட்சிகளில் 600 சதுர அடி வரையுள்ள குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடும், 601 முதல் 1,200 வரை 50 விழுக்காடும், 1,201 முதல் 1,800 வரை 75 விழுக்காடும், அதற்கு மேல் 100 விழுக்காடும் உயர்வு என அறிவித்தது.

பார்வைக்கு எளிய ஏற்பாடுதான். ஆனால், பழைய மதிப்பீட்டில் பிழை இருந்தால் அதுவும் சேர்ந்தே வளரும். ஓர் எடுத்துக்காட்டு: 1,180 சதுர அடி வீடு ஒன்று பதிவேட்டில் 1,250 என்று எழுதப்பட்டுவிட்டது எனக் கொள்வோம். அரையாண்டு வரி ரூ.800 என்றால், 50 விழுக்காடு உயர்வில் அது ரூ.1,200 ஆகியிருக்க வேண்டும். தவறான அளவால் 75 விழுக்காடு உயர்ந்து ரூ.1,400 ஆகிறது. அந்த 200 ரூபாயை ஒவ்வோர் அரையாண்டும் அந்தக் குடும்பம் செலுத்திக்கொண்டே இருக்கும்.

மதிப்பீட்டை எதிர்த்து முறையிடச் சட்டம் இடமளிக்கிறது. ஆயினும் பலர் முறையிடுவதில்லை. கேட்பு அறிவிப்பில் செலுத்த வேண்டிய தொகை இருக்கும்; அந்தத் தொகை எப்படி வந்தது என்ற கணக்கு பெரும்பாலும் இருக்காது. கணக்கைப் பார்க்காதவர் எதை எதிர்த்து முறையிடுவார்?

இனி நிலத்துக்கு வருவோம். 2013ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டப்படி, அரசின் வழிகாட்டி மதிப்பு, அண்மைக்கால விற்பனைப் பத்திரங்களின் சராசரி ஆகியவற்றில் எது அதிகமோ அதுவே சந்தை மதிப்பின் அடிப்படை. நியாயமான விதிதான். ஆனால், முத்திரைத் தீர்வையைக் குறைப்பதற்காக வழிகாட்டி மதிப்பிலேயே பத்திரம் பதியும் வழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. அதனால் பத்திரங்களின் சராசரியும் வழிகாட்டி மதிப்பை ஒட்டியே நின்றுவிடுகிறது. 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டபோது பத்திரப்பதிவுச் செலவு குறைந்ததை எல்லோரும் வரவேற்றார்கள். இழப்பீட்டுக்கான அடித்தளமும் அதனுடன் தாழ்ந்தது என்பதை உணர்ந்தவர்கள் சிலரே. 2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிருக்குள் கால்வாய் வெட்டும் இயந்திரங்கள் இறங்கியபோது எழுந்த கோபத்தில், நிலத்துக்கு உரிய மதிப்பு தரப்படவில்லை என்ற நெடுநாள் மனக்குறையும் கலந்திருந்தது.

இங்கே அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது பயன் தரும். எண்ணெய் வளம் மிக்க அதன் ஊரக மாவட்டங்களில் சாதாரண வீடும் எண்ணெய்க் கிணறும் ஒரே மதிப்பீட்டுப் பட்டியலில் இடம்பெறுகின்றன. கிணற்றின் மதிப்பு சரிந்தால், பள்ளிக்கும் சாலைக்குமான சுமை வீடுகளின் மேல் சாயும். மதிப்பீட்டை ஏற்காதவர் குறித்த கெடுவுக்குள் எதிர்ப்பு மனு அளித்தால், உள்ளூர் மக்களைக் கொண்ட மறுஆய்வு வாரியம் அதை விசாரிக்கும். மதிப்பு மிகை என்று மட்டுமல்ல, ஒத்த சொத்துகளோடு ஒப்பிடுகையில் சமமாக இல்லை என்றும் வாதிடலாம். அலுவலகம் முன்வைக்கவிருக்கும் ஆதாரங்களை விசாரணைக்கு 14 நாள்களுக்கு முன்பே கேட்டுப் பெறலாம். அங்கும் குறைகள் உண்டு. பெரு நிறுவனங்கள் வல்லுநர்களை அமர்த்தி வாதிடுவதுபோல் சிறு வீட்டுக்காரரால் இயலாது. எனினும், கணக்கைக் காட்டிவிட்டுத்தான் வரி கேட்க வேண்டும் என்ற நெறி நாம் கற்கத்தக்கது.

இன்னொரு பாடமும் உண்டு. மண்ணுக்கடியில் உள்ள செல்வத்தின் ஒரு பங்கு அந்த ஊரின் கணக்கில் சேர வேண்டும் என்பதே அது. தமிழகம் இதை முன்பே முயன்று பார்த்தது. 1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டத்தின்கீழ், கனிமங்களுக்கான ராயல்டியையும் நில வருவாயில் சேர்த்து உள்ளாட்சி மேல்வரி விதிக்கப்பட்டது. 1989இல் இந்தியா சிமெண்ட்ஸ் வழக்கில் உச்சநீதிமன்றம் அதைச் செல்லாதென்றது. 35 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலை 25 அன்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு, ராயல்டி வரியாகாது என்றும், கனிம நிலங்களுக்கு வரி விதிக்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்றும் 8-க்கு 1 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து கனிம நில வரிச் சட்டத்தை இயற்றிய தமிழகம், 2025 ஏப்ரல் 4 முதல் அதைச் செயல்படுத்தியது.

அந்த வருவாயில் சுரங்கத்தை ஒட்டிய ஊராட்சிகளுக்கும் பேரூராட்சிகளுக்கும் உறுதியான பங்கு ஒதுக்கப்பட வேண்டும். 1989க்கு முன் உள்ளாட்சியின் பெயரால் தொடங்கிய வழக்கின் பயன், 2024க்குப் பின் மாநிலக் கருவூலத்தோடு நின்றுவிடலாகாது. சுரங்கம் தரும் வரியில் ஊருக்குப் பங்கு கிடைத்தால், வீட்டு வரியை உயர்த்த வேண்டிய நெருக்கடியும் தணியும்.

அதுவரை வீட்டு உரிமையாளர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. கேட்பு அறிவிப்பு வந்தவுடன் பரப்பளவு, மண்டலம், பயன்பாடு, வயது ஆகிய நான்கையும் சரிபாருங்கள். கணக்கு தரப்படவில்லையெனில் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெறுங்கள். முறையீட்டுக்கான காலக்கெடுவைத் தவறவிடாதீர்கள். எழுத்து மூலம் அளித்து ஒப்புகைச் சீட்டு பெற்றுக்கொள்ளுங்கள்.

மதிப்பீட்டை எதிர்த்து முறையிடுபவர் வரி ஏய்ப்பவர் அல்லர். தன் பங்கு சரியாகக் கணக்கிடப்பட வேண்டும் என்று கேட்கும் குடிமகன் அவர். அவருக்குக் கணக்கைக் காட்டுவது அரசின் சலுகையன்று, கடமை.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).