ஆறிய காய்ச்சல், உறங்கும் வைவாக்ஸ்

ரத்தச் சிவப்பணுவுக்குள் நுழைய மலேரியா ஒட்டுண்ணிக்கு ஒரு நிமிடம் போதும். முதலில் எந்தப் பக்கமாகவோ வந்து ஒட்டுகிறது. பிறகு புரண்டு, தன் கூர்முனையை அணுவின் பக்கம் திருப்புகிறது. அந்த முனையிலுள்ள பைகளிலிருந்து ஒரு புரதத்தைச் சுரந்து அணுவின் சவ்வில் பதிக்கிறது. அதைப் பற்றிக்கொள்ளும் இன்னொரு புரதம் ஒட்டுண்ணியின் உடம்பிலேயே இருக்கிறது. இரண்டும் சேர்ந்து வளையமாகின்றன. வளையலுக்குள் கை நுழைவதுபோல, ஒட்டுண்ணி தன்னை ஒடுக்கிக்கொண்டு உள்ளே போகிறது. நம் தசைகளை இயக்குகிற ஆக்டின், மயோசின் வகைப் புரதங்களே அதையும் உந்துகின்றன. சவ்வு கிழிவதில்லை, உள்நோக்கி மடிந்து ஒட்டுண்ணிக்கு உறையாகிவிடுகிறது.

மலேரியா ஒட்டுண்ணி வகைகளில் ஒன்றான ஃபால்சிபாரம், சிவப்பணு இளசா முற்றலா என்று பார்ப்பதில்லை. இன்னொரு வகையான வைவாக்ஸ் அப்படியல்ல. நூறில் ஒன்றிரண்டாக இருக்கும் இளம் சிவப்பணுக்களையே தேடும். அவற்றின் மேல் டஃபி என்ற புரதமும் வேண்டும். மேற்கு ஆப்பிரிக்க மக்களில் மிகப் பெரும்பாலோருக்குச் சிவப்பணுவில் டஃபி கிடையாது. வைவாக்ஸ் அங்கே வேரூன்றாததற்கு அதுவே காரணம் என்று வெகுகாலம் நம்பினார்கள். 2010-இல் மடகாஸ்கரிலிருந்து வந்த ஆய்வு, டஃபி இல்லாதவர்களிடமும் வைவாக்ஸைக் காட்டியது.

ஃபால்சிபாரத்தை 1976 முதல் ஆய்வகத்தில் தொடர்ந்து வளர்க்க முடிகிறது. இளம் அணுக்களை விடாமல் கேட்கும் வைவாக்ஸை அப்படி வளர்ப்பது இன்றும் பெரும்பாடு. அதனால் ஆராய்ச்சி ஃபால்சிபாரத்தின் பக்கமே சாய்ந்தது. அதிகம் கொல்வது அதுதானே என்பார்கள், நியாயம்தான். ஆனால் வைவாக்ஸைச் ‘சாதாரண மலேரியா’ என்று ஒதுக்கியதன் விலையை நோயாளிகள்தான் கொடுக்கிறார்கள்.

கொசு கடித்ததும் ஒட்டுண்ணி முதலில் புகுவது கல்லீரல் செல்லுக்குள். வைவாக்ஸில் சில அங்கேயே உறங்கிவிடும். வாரங்கள், மாதங்கள் கழித்து விழித்து மறுபடி ரத்தத்தில் இறங்கும். குளோரோகுயின் மருந்து ரத்தத்தில் இருப்பதைத்தான் கொல்லும். கல்லீரலில் உறங்குவதை அழிக்க, ஜி6பிடி நொதிக் குறைபாடு இல்லாதவர்களுக்குப் பிரைமாகுயின் மாத்திரையை 14 நாள் கொடுப்பது இந்தியாவில் நெடுநாள் வழக்கம். காய்ச்சலோ இரண்டு மூன்று நாளில் விட்டுவிடுகிறது. உடம்பு தேறியதும் மாத்திரை அட்டை அலமாரிக்குப் போகிறது.

சென்னையில் இதன் விளைவு ஒரு வீட்டோடு முடியாது. கிணற்றிலும் மொட்டைமாடித் தொட்டியிலும் முட்டையிடும் அனாஃபிலஸ் ஸ்டீஃபன்சி கொசு அங்கே வைவாக்ஸைப் பரப்புகிறது. மருந்தைப் பாதியில் நிறுத்தியவருக்குக் காய்ச்சல் திரும்பும்போது, அவரைக் கடிக்கும் கொசு பக்கத்து வீட்டுக்கும் அதைக் கொண்டுபோகும். மருந்துச் சீட்டோடு கடமை முடிந்ததாக எண்ணாமல், 14-ஆம் நாள் வரை வீடு தேடிப்போய்க் கேட்க ஆள் வேண்டும்.