உப்புக் காற்றில் ஒரு கேமிங் சிஸ்டம்

2024 டிசம்பர் 1, ஞாயிற்றுக்கிழமை காலை. முந்தின இரவுதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரையைக் கடந்திருந்தது. ஒரே நாளில் சுமார் 46 சென்டிமீட்டர் மழை. கிருஷ்ணா நகர், வெங்கட்டா நகர், ரெயின்போ நகர் என்று எங்கு பார்த்தாலும் வீடுகளுக்குள் தண்ணீர். அக்கா மகனிடமிருந்து போன் வந்தது.

“மாமா, சிஸ்டம் தரையிலதான் இருந்துச்சு. அடியில தண்ணி ஏறிடுச்சு. கரண்ட் வந்ததும் ஆன் பண்ணிப் பார்க்கட்டுமா?”

“தொடாதே. பிளக்கைப் பிடுங்கி வை, நான் வர்றேன்.”

பாலிடெக்னிக் படிக்கிற பையன். லீவு நாட்களில் வேலை செய்து சேர்த்த பணத்தில், மானிட்டர் நீங்கலாக 55,000 ரூபாய்க்கு அவனே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கணினி அது. வாங்குவதற்கு முன் மூன்று மாதம் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளினான். எந்த கார்டில் எந்த கேம் எத்தனை ஃபிரேம் ஓடும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். ஆனால் கடலோர ஊரில் ஒரு கணினியை எப்படி வைத்துக்கொள்வது என்று எந்த வீடியோவும் அவனுக்குச் சொல்லவில்லை. குறைந்த செலவில் கேமிங் சிஸ்டம் போட நினைக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல விரும்புவதும் இதைத்தான். பாகங்களின் விலையைத் தெரிந்துகொள்ளும் அக்கறையோடு, ஊரின் உப்பையும் வெயிலையும் கரண்டையும் தெரிந்துகொள்ளுங்கள்.

கம்ப்யூட்டர் பூட்டிய ஊர்

பழைய அரசு அலுவலகக் கணினிகளின் பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்தால் பலவற்றில் ‘புதுச்சேரி’ என்று இருக்கும். யூனியன் பிரதேசம் என்பதால் இங்கே விற்பனை வரி தனி; தொழிற்சாலைகளுக்குச் சலுகைகளும் இருந்தன. எச்.சி.எல் சேதராப்பட்டில் கணினி செய்தது. விப்ரோவும் ஏசரும் இங்கே ஆலை நடத்தின. ஐ.பி.எம்மின் கணினிப் பிரிவை 2005-ல் வாங்கிய லெனோவோவுக்கு இன்றும் புதுச்சேரியில் ஆலை இருக்கிறது. போர்டைப் பொருத்தி, ஸ்க்ரூ முடுக்கி, சோதித்துப் பெட்டியில் அடைக்கிற கைகள் இந்த ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு.

வெளியூர்க்காரர்கள் வரி குறைவு என்று இங்கே வந்து எலெக்ட்ரானிக் சாமான் வாங்கிப்போன காலமும் இருந்தது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி வந்ததும் அது முடிந்தது. கணினிப் பாகங்களுக்கு இங்கும் 18 சதவீதம், சென்னையிலும் 18 சதவீதம். சென்னையின் ரிச்சி தெருவில் விலை குறைகிறது என்றால், கடைகள் நெருக்கமாக இருந்து போட்டி போடுவதுதான் காரணம். ஆனால் 150 கிலோமீட்டர் போய் வாங்கிய பொருள் பழுதானால் மறுபடியும் 150 கிலோமீட்டர் போக வேண்டும். பஸ் கட்டணத்தையும் ஒரு நாள் கூலியையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். எங்கே வாங்கினாலும் பில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் மிச்சப்படும் காசு, வாரண்டி கேட்கப் போகும் அன்று பெரிய நஷ்டமாகத் திரும்பி வரும்.

ஐம்பத்தைந்தாயிரத்தைப் பிரிப்பது

விலை வாரத்துக்கு வாரம் மாறும். அதனால் விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கேம் விளையாடத்தான் சிஸ்டம் என்றால், மொத்தப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக கிராஃபிக்ஸ் கார்டுக்குப் போக வேண்டும். மருமகன் எடுத்தது 8 ஜி.பி. ரேடியான் ஆர்.எக்ஸ் 6600. பிராசஸர் ஆறு கோர் கொண்ட ரைசன் 5 5600. இதைவிட விலை உயர்ந்த பிராசஸர் எடுத்துவிட்டு கார்டில் கை வைத்திருந்தால் கேம் திணறியிருக்கும்.

ராமில் 16 ஜி.பி. ஒரே குச்சியாக வாங்காமல் எட்டு எட்டாக இரண்டு வாங்கினான். இரண்டு குச்சி இருந்தால் பிராசஸருக்கும் ராமுக்கும் நடுவே இரண்டு பாதை திறக்கும். தனி கார்டு இல்லாத சிஸ்டத்தில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

முழுப் பணமும் கையில் இல்லாதவர்கள் இரண்டு தவணையாகப் போகலாம். ரைசன் 5600ஜி போல உள்ளேயே கிராஃபிக்ஸ் உள்ள பிராசஸரை முதலில் வாங்கினால் வேலோரன்ட் மாதிரியான கேம்கள் ஓடும், படிப்பும் நடக்கும். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து கார்டு சேர்த்துக்கொள்ளலாம். இன்டெல் பிராசஸர் வாங்கும்போது பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். 12100எஃப் போல ‘எஃப்’ என்று முடிந்தால் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் வராது.

இன்னொரு சிக்கன வழி, நிறுவனங்கள் கழித்துவிட்ட ஆபீஸ் கணினியை வாங்கி அதில் கார்டு போடுவது. அந்தப் பெட்டிகளில் பலவற்றில் கார்டுக்கென்று தனி பவர் ஒயர் இருக்காது. போர்டின் ஸ்லாட் தருவது அதிகபட்சம் 75 வாட். அதற்குள் ஓடக்கூடிய, தனி ஒயர் கேட்காத ஜி.டி.எக்ஸ் 1650 வகை கார்டுதான் பொருந்தும். வாங்கும் முன் கேபினட்டின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். ஒல்லியான பெட்டியில் முழு உயர கார்டு உட்காராது.

செகண்ட் ஹேண்ட் கார்டில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். 2022 செப்டம்பரில் எத்திரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டபோது, அதைத் தோண்டுவதற்காக இரவு பகலாக ஓடிய கார்டுகள் மொத்தமாகச் சந்தைக்கு வந்தன. விற்பவர் முன்னாலேயே அரை மணி நேரம் கனமான கேம் ஓட்டிப் பாருங்கள். அடுத்து, கார்டின் ஓரத்தில் இருக்கும் தகரப் பட்டையையும் ஸ்க்ரூக்களையும் பாருங்கள். துரு இருந்தால் அந்த கார்டு கடல் காற்றில் நின்றிருக்கிறது என்று அர்த்தம். வெளியே பிடித்த துரு உள்ளேயும் வேலை செய்திருக்கும்.

கை வைக்கக் கூடாத இடம்

மருமகனோடு எனக்கு வாக்குவாதம் வந்தது ஒரே விஷயத்தில்தான். கேபினட்டோடு ‘இலவசமாக’ வரும் பவர் சப்ளை, அதாவது எஸ்.எம்.பி.எஸ் போதும் என்றான். மிச்சமாகும் பணத்தில் வண்ண விளக்கு ஃபேன் வாங்க ஆசை. இலவச எஸ்.எம்.பி.எஸ்ஸில் ஸ்டிக்கர் 450 வாட் என்று சொல்லும். பாரம் ஏறும்போது அந்த 450 வராது. போகும்போது தான் மட்டும் போகாமல் போர்டையும் கார்டையும் கூடவே இழுத்துக்கொண்டு போகும். அவனுடைய கார்டு 132 வாட், பிராசஸர் 65-லிருந்து 80 வாட்டுக்குள், மற்றதெல்லாம் சேர்த்து 50. கூட்டினால் 260-ஐ ஒட்டி வருகிறது. ‘80 பிளஸ்’ சான்று உள்ள நல்ல 550 வாட் எஸ்.எம்.பி.எஸ் தாராளமாகப் போதும். விளக்கு ஃபேனை விட்டுவிட்டான். கோபம் ஒரு வாரம் இருந்தது.

கேபினட்டைத் தொட்டால் சுரீரென்று இழுக்கிறதா? பெரும்பாலும் வீட்டில் எர்த் சரியில்லை. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சரிசெய்வதுதான் முதல் செலவு, கார்டு அப்புறம். 600 வி.ஏ. என்று எழுதியிருக்கும் யு.பி.எஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் சிஸ்டம் ஓட்டுபவர்கள் அதன் பின்பக்கம் பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் ‘யு.பி.எஸ்’ என்று ஒரு சுவிட்ச் நிலை உண்டு. சாதாரண நிலையில் கரண்ட் மாறும் இடைவெளி நீளம். அதற்குள் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

உப்பும் வெயிலும்

சமையல் உப்பு மழைக்காலத்தில் டப்பாவுக்குள்ளேயே கசிவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு அந்த ஈரத்தை இழுத்துக் கரையத் தொடங்கும். கடல் காற்றோடு வந்து போர்டின்மேல் படியும் மெல்லிய உப்புத் தூளும் அப்படித்தான். கரைந்த உப்பு நீர் செம்பை அரிக்கும். பக்கத்துப் பக்கத்துக் கோடுகளுக்கிடையே கரண்ட் கசியவும் விடும். ஓடுகிற சிஸ்டம் தன் சூட்டிலேயே ஈரத்தை விரட்டிவிடும். பரீட்சை என்று மூன்று மாதம் மூடி வைத்த சிஸ்டம்தான் கெடும். விளையாடாவிட்டாலும் வாரம் இருமுறை அரை மணி நேரம் ஓட விடுங்கள். கடலைப் பார்த்த ஜன்னலின் கீழே வைக்காதீர்கள்.

வெளிநாட்டு வீடியோக்களில் கார்டின் சூட்டை அளப்பது பெரும்பாலும் 22 டிகிரி அறையில். நம் ஊரில் கத்திரி வெயிலில் ஏ.சி. இல்லாத அறை 36-ஐத் தொடும். அங்கே 70 என்று காட்டும் கார்டு இங்கே 84-ஐ எட்டலாம். முன்பக்கம் கண்ணாடி போட்ட அழகுக் கேபினட் நமக்கு வேண்டாம். சல்லடைத் தகரம் போட்டதுதான் மூச்சு விடும். கேம் ஓடும்போது மட்டும் வேகம் விழுகிறது என்றால் முதலில் தூசியைத் தட்டுங்கள். இரண்டு மூன்று வருடம் ஆன சிஸ்டத்துக்குத் தெர்மல் பேஸ்ட்டை மாற்றுங்கள்.

டிஸ்ப்ளே வரலையா?

சர்வீஸ் கடைகளில் அதிகம் கேட்கிற வாசகம் இது. கடைக்குத் தூக்கும் முன் வீட்டிலேயே வரிசையாகப் பாருங்கள். மானிட்டர் ஒயர் கார்டில் மாட்டியிருக்கிறதா, தவறிப்போய் போர்டில் மாட்டியிருக்கிறதா? அது சரி என்றால் கரண்டை நிறுத்திவிட்டு ராமைக் கழற்றி, ஒரு குச்சியை மட்டும் மாட்டிப் பாருங்கள். தங்க நிறக் காண்டாக்டை ரப்பரால் தேய்ப்பது நம் ஊர்க் கைவைத்தியம். ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. அழுத்தித் தேய்த்தால் அடுத்த முறை துரு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். ஐசோபுரொபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைப்பது மேல். அதன் பிறகும் வரவில்லையென்றால் போர்டில் இருக்கும் வட்ட பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் கழித்து மாட்டுங்கள். கார்டு, ஹார்ட் டிஸ்க் என ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வந்தால் குற்றவாளி எது என்று தெரிந்துவிடும். விளையாடும்போது மட்டும் சட்டென்று அணைந்தால் சந்தேகம் எஸ்.எம்.பி.எஸ் மேல் போகட்டும்.

மாற்றுவதா, சேர்ப்பதா?

2025 இறுதியில் தொடங்கி ராம் விலை எகிறியது. ஏ.ஐ. சர்வர்கள் உலகின் நினைவகச் சில்லுகளை விழுங்குகின்றன. மைக்ரான் நிறுவனம் சாதாரண வாடிக்கையாளர்களுக்கான தன் ‘குருஷியல்’ வியாபாரத்தையே கைவிடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. லெனோவோ 2024 செப்டம்பரில், ஆண்டுக்கு 50,000 ஏ.ஐ. சர்வர்களைப் புதுச்சேரி ஆலையில் செய்யப்போவதாகச் சொன்னது. ஊருக்கு அது பெருமை. அதே ஊரில் ஒரு மாணவன் 8 ஜி.பி. குச்சிக்காகக் காசு எண்ணிக்கொண்டிருக்கிறான் என்பதும் உண்மை.

இந்த நேரத்தில் முழு சிஸ்டத்தையும் மாற்றுவதைவிட, இருப்பதில் ஒன்றைச் சேர்ப்பதே சரி. 2017-ல் ரைசனோடு வந்த ஏ.எம்4 போர்டுகள் பலவற்றில், பயாஸை மட்டும் புதுப்பித்தால் 2022-ல் வந்த பிராசஸரும் உட்காரும். பழைய ராம், பழைய கேபினட், பழைய எஸ்.எஸ்.டி அப்படியே இருக்கட்டும்.

தண்ணீர் வடிந்த பிறகு

அன்று மாலை மருமகன் வீட்டில் கேபினட்டைத் திறந்தோம். எஸ்.எம்.பி.எஸ் அடியில் இருந்ததால் முழுக்க நனைந்திருந்தது. பக்கத்திலிருந்த ஹார்ட் டிஸ்க்கும் போய்விட்டது. அதில் அக்காவின் கல்யாணப் போட்டோக்கள் இருந்தன. வேறு எங்கும் நகல் இல்லை. போர்டும் கார்டும் மேலே இருந்ததால் தண்ணீர் தொடவில்லை. எஸ்.எம்.பி.எஸ்ஸைப் பிரிக்க வேண்டாம் என்றேன். அதன் கெப்பாசிட்டர்களில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கரண்ட் தங்கும். மற்றதையெல்லாம் கழற்றி ஆல்கஹாலால் துடைத்து, மூன்று நாள் நிழலில் ஃபேன் காற்றில் வைத்தோம். புது எஸ்.எம்.பி.எஸ் மாட்டி பட்டனை அழுத்தியபோது அவன் கை நடுங்கியது. டிஸ்ப்ளே வந்தது.

கணினி இப்போது இரண்டடி உயர இரும்பு ஸ்டாண்டில் இருக்கிறது. அந்த வாரமே பக்கத்து வீடுகளிலிருந்து நான்கு சிஸ்டங்கள் அவனைத் தேடி வந்தன. மொட்டை மாடியில் கீற்றுப் பந்தலின் கீழே பெட்டிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு போர்டாகச் சேறு துடைத்துக்கொண்டிருந்தான். காசு வாங்கினாயா என்று கேட்டேன்.

“ரெண்டு பேர் கொடுத்தாங்க மாமா. அக்கம்பக்கம்தானே, நான் கேட்கல. ஆனா எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், இனிமே தரையில வைக்காதீங்கன்னு.”