கனித் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சம்படம் முந்திரிக்கொத்து!

சித்திரை முதல் நாள் விடிவதற்கு முன்பே சங்கரன்கோவில் பக்கத்து வீடுகள் பலவற்றில் ஒரு சின்ன நாடகம் நடக்கும். "கண்ணத் தொறக்காதல... ஆச்சி கையப் புடிச்சிக்கிட்டு நேரா வா" என்று பேரனை மெதுவாக நடத்திக் கூட்டி வருவார் ஆச்சி. முந்தின ராத்திரியே பூஜை அறையில் வைத்த தட்டில் மாங்காய், வாழைப்பழம், வெள்ளரிக்காய், கொன்றைப்பூ, நகை, சில்லறைக் காசு எல்லாம் இருக்கும். பின்னால் ஒரு கண்ணாடி. கண்ணைத் திறந்ததும் அதில்தான் விழிக்க வேண்டும். பையனின் பார்வையோ தட்டைத் தாண்டி, மூடி வைத்திருக்கும் எவர்சில்வர் சம்படத்தின் மேல் போய் விழும்.

காலண்டரில் ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு. நெல்லை, தென்காசிப் பக்கத்தில் அதற்குச் சித்திரை விசு என்று பெயர். பாபநாசத்தில் தாமிரபரணியில் தீர்த்தவாரி நடக்கும் நாளும் இதுதான். 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த செங்கோட்டை பக்கத்திலேயே இருப்பதால், மலைக்கு அந்தப் பக்கத்து விஷுவும் இந்தப் பக்கத்து விசுவும் அக்கா தங்கை மாதிரி. பள்ளி விடுமுறையும் நெருங்கிவிடும். வெளியூரில் இருக்கும் மகளும் பேரப்பிள்ளைகளும் வரும் நேரம் அது. வருகிறவர்களுக்கு வாயில் போட ஏதாவது வேண்டுமே?

கடையில் வாங்க இந்தப் பக்கம் பஞ்சமே இல்லை. கிழக்கே போனால் கோவில்பட்டி கடலைமிட்டாய், வடக்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. பால்கோவாவுக்கு 2019இலும் கடலைமிட்டாய்க்கு 2020இலும் கிடைத்தது. தெற்கே திருநெல்வேலி அல்வாவைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். இருந்தாலும் முந்திரிக்கொத்தை வீட்டில் செய்தால்தான் ருசி. மாவு எப்போது அரைத்தது, எண்ணெய் எத்தனை முறை காய்ந்தது என்பது செய்தவருக்குத் தெரியும். ஆடித்தபசுக்குக் கோமதி அம்மனுக்கு மாவிளக்கு இடித்துப் பழகிய ஊருக்கு மாவும் பாகும் புதிதும் இல்லை. ஒரே சிக்கல், ஆச்சிக்கு எல்லாமே கண்ணளவு. "பாகு வந்தா தெரியும்" என்பார். எப்படித் தெரியும் என்று கேட்டு எழுதி வைத்தவர்கள் குறைவு.

பெயரில் முந்திரி இருக்கிறதே தவிர, பலகாரத்தில் ஒரு பருப்புகூடக் கிடையாது. கொடிமுந்திரி என்றால் திராட்சை. மூன்று உருண்டைகள் ஒட்டிக்கொண்டு திராட்சைக் கொத்து மாதிரி இருப்பதால் வந்த பெயர் என்பார்கள். நெல்லையிலும் குமரியிலும் கல்யாண வீட்டுப் பலகாரம். ஆனால் ஒரு வீட்டுக்கு மட்டும் செய்ய ஒரு மத்தியானம் போதும்.

முழுப் பாசிப்பயறு கால் கிலோ எடுத்துக்கொள்ளுங்கள். அடி கனமான சட்டியில் சின்னத் தீயில், வாசம் வந்து லேசாகச் சிவக்கும் வரை வறுக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் பச்சை வாடை கடைசி வரை போகாது. ஆறியதும் மிக்ஸியில் ரவை பதத்துக்குத் திரித்து, தோலைப் புடைத்து எடுத்துவிடுங்கள். ஒரு கைப்பிடி தேங்காய்த் துருவலை ஈரம் போகச் சிவக்க வறுத்துச் சேர்க்க வேண்டும். ஈரம் நின்றால் இரண்டு நாளில் காறிப்போகும். இரண்டு ஸ்பூன் வறுத்த எள்ளு, நாலு ஏலக்காய், ஒரு துண்டு சுக்கு தட்டிப் போட்டால் மாவு தயார்.

அடுத்து கருப்பட்டி. கால் கிலோவைத் தட்டி, அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்டுங்கள். எவ்வளவு நல்ல கருப்பட்டியிலும் மண்ணும் தும்பும் கொஞ்சம் இருக்கும். திரும்ப அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டு, ஒரு சொட்டை விரலிடுக்கில் தொட்டுப் பிரித்தால் ஒற்றைக் கம்பி இழுக்க வேண்டும். ஆச்சியின் "பாகு வந்தா தெரியும்" இதுதான். கம்பி வராத பாகில் உருண்டை நிற்காது. இன்னும் ஐந்து நிமிஷம் விட்டுவிட்டால் கல்லாகிவிடும்.

பாகை ஒரேயடியாகக் கவிழ்க்காமல் கொஞ்சம் கொஞ்சமாக மாவில் ஊற்றி, கரண்டிக் காம்பால் கிளறுங்கள். கை பொறுக்கும் சூட்டில் சின்ன நெல்லிக்காய் அளவு உருட்ட வேண்டும். சுமார் நாற்பது உருண்டை வரும். உதிர்ந்தால் கொஞ்சம் வெந்நீர் தெளித்துப் பிடிக்கலாம். உருட்டியதை நாலைந்து மணி நேரம் காய விடுங்கள். ராத்திரி முழுக்க விட்டால் இன்னும் நல்லது.

பிறகு ஒரு டம்ளர் பச்சரிசி மாவில் சிட்டிகை மஞ்சள்தூளும் உப்பும் போட்டு, தோசை மாவைவிடச் சற்றுக் கெட்டியாகக் கரைத்து, மும்மூன்று உருண்டையாகச் சேர்த்து முக்கி, மிதமாகக் காய்ந்த எண்ணெயில் போட்டு எடுங்கள். மாவு எங்காவது மூடாமல் விட்டால் கருப்பட்டி கசிந்து எண்ணெய் முழுக்கக் கறுத்துவிடும். முதல் முறை செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் அங்கேதான் சறுக்கும். நாற்பதில் பதின்மூன்று கொத்து போக ஒரு உருண்டை மிஞ்சும். அது சம்படத்துக்குப் போய்ச் சேர்ந்ததாக வரலாறு இல்லை!

ஒரு எச்சரிக்கை. பாகு, கொதிக்கும் தண்ணீரைவிடச் சூடானது. தோலில் பட்டால் ஒட்டிக்கொள்ளும். பாகு அடுப்பில் இருக்கும் வரை பிள்ளைகள் அடுப்படிக்கு வெளியே இருக்கட்டும். பட்டுவிட்டால் பேஸ்ட், இங்க் எதுவும் தடவாமல், குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்ட வேண்டும். காயம் பெரிதாக இருந்தாலோ கொப்புளம் வந்தாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

பிள்ளைகளுக்கும் வேலை கொடுக்க வேண்டுமென்றால் எள்ளுருண்டை இருக்கிறது. 200 கிராம் கறுப்பு எள்ளைக் கழுவிக் காயவைத்துப் பெரியவர்கள் வறுத்துக் கொடுத்துவிட வேண்டும். 150 கிராம் கருப்பட்டியோடு உரலில் போட்டு இடித்தால் எள்ளின் எண்ணெயே பிசைந்து கொடுக்கும். பாகும் இல்லை, பதமும் இல்லை. உரல் இல்லாத வீட்டில் மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டலாம்.

இத்தனைக்கும் கருப்பட்டி நல்லதாக அமைய வேண்டும். பனையில் பதநீர் இறங்கும் காலம் இது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் இறக்கிய பதநீரைக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுப்பதுதான் அசல் கருப்பட்டி. தூத்துக்குடி மாவட்டத்து உடன்குடிக் கருப்பட்டிக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயர் பெருகப் பெருகச் சீனிப்பாகு கலந்ததும் சந்தைக்கு வருகிறது. உடைத்தால் உள்ளே சீனி மாதிரி மின்னுகிறதா, கல் மாதிரி இறுகிக் கிடக்கிறதா, வாயில் போட்டால் அந்த லேசான உப்புக் கரிப்பு இல்லாமல் வெறும் தித்திப்பாக இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வார்கள் பழகியவர்கள். இதெல்லாம் சந்தேகப்பட உதவுமே தவிர, உறுதியாகச் சொல்ல ஆய்வகம்தான் வேண்டும். சீனி விலைக்குப் பக்கத்தில் ஒரு விலையில் கருப்பட்டி கிடைத்தால், அங்கேயே யோசிக்கலாம்.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால் இன்னொரு விஷயமும் உண்டு. "கருப்பட்டிதானே, ஒண்ணும் செய்யாது" என்று தாத்தாவின் தட்டில் இரண்டு கொத்தை வைத்துவிடுவார்கள். அசல் கருப்பட்டியிலும் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான். கொஞ்சம் தாதுச்சத்து கூடுதல், அவ்வளவே. கால் கிலோவை நாற்பது உருண்டைக்குப் பங்கு போட்டால், ஒரு கொத்தில் மட்டும் 18, 19 கிராம் கருப்பட்டி இருக்கிறது. நல்ல உடம்புள்ள பெரியவர்களே சேர்க்கும் சர்க்கரையை ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கு. தாத்தாவுக்கு எவ்வளவு என்பதை அவருடைய டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். மூன்றாக ஒட்டாமல் ஒற்றை உருண்டையாகவே நாலைந்தைப் பொரித்து வைத்தால், பண்டிகை அன்று அவரும் வெறும் கையோடு உட்கார வேண்டியதில்லை.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மாங்காய்ப் பச்சடி இல்லாமல் விசு இல்லை. ஒரு மாங்காயைக் கீறி வேகவைத்து, புளிப்புக்குத் தக்கபடி வெல்லமோ கருப்பட்டியோ போட்டு, உப்பு, ஒரு மிளகாய். நெய்யில் வறுத்த வேப்பம்பூவைப் பரிமாறும்போது மேலே தூவினால் மொறுமொறுப்பு போகாது. பாயசத்துக்குப் பாசிப்பருப்பும் தேங்காய்ப்பாலும் போதும். மாட்டுப் பாலை ஊற்றி, கருப்பட்டியோடு கொதிக்கவிட்டால் திரிந்துபோகும் வாய்ப்பு அதிகம். கெட்டித் தேங்காய்ப்பாலை அடுப்பை அணைத்த பிறகு ஊற்றுங்கள்.

வெயில் சாயும்போது பானகம். இதற்கு எலுமிச்சை பக்கத்து ஊரான புளியங்குடியிலிருந்தே வரும். ஒரு லிட்டர் பானைத் தண்ணீரில் நூறு கிராம் கருப்பட்டியைக் கரைத்து வடிகட்டி, ஒரு பழத்தைப் பிழிந்து, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, சிட்டிகை உப்பு. அந்த நேரத்துக்குள் முந்திரிக்கொத்துச் சம்படம் பாதி காலியாகியிருக்கும். மிச்சத்தைக் காற்றுப் புகாமல் மூடி, ஈரக்கை படாமல் எடுத்தால் ஒரு வாரம் பத்து நாள் தாங்கும். ஊருக்குத் திரும்புகிற மகளின் பையில் வைக்க வேண்டியதை மட்டும் முதலிலேயே தனியாக எடுத்து ஒளித்து வைத்துவிடுங்கள்.