தடைக்காலத்துல வீட்டுக்குள்ள சண்டையா? பிள்ளைங்ககிட்ட இப்படிப் பேசிப் பாருங்க!

ஏப்ரல் 15 வந்தா காசிமேட்டுல விசைப்படகுகளைக் கரையில கட்டிடுவாங்க. ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். ஸ்கூல் லீவும் அதே சமயத்துலதான். வருமானம் இல்லாத அப்பாவும், கையில போனோட பையனும் ஒரே ரூம்ல நாள் முழுக்க இருந்தா? "எப்பப் பாரு போனு, நீயெல்லாம் எங்க உருப்படப் போற!" அடுத்தது முதுகுல ஒண்ணு விழும்.

அமெரிக்க உளவியலாளர் மார்ஷல் ரோசன்பெர்க் (1934-2015) இதுக்கு வேற பேச்சுமுறை ஒண்ணைச் சொல்லிக் கொடுத்தார். பேரு 'வன்முறையற்ற தொடர்பாடல்'. பேருதான் பெருசு. பார்த்ததைச் சொல்லணும், மனசுல படறதைச் சொல்லணும், என்ன தேவைன்னு சொல்லணும், கடைசியா ஒண்ணு கேட்கணும். அவ்வளவுதான்.

முதல் படியிலயே நாம சறுக்குவோம். 'எப்பப் பாரு'ங்கிறது பார்த்தது இல்ல, தீர்ப்பு. "சாப்பிட மூணு தடவை கூப்பிட்டேன்"னு சொன்னா பையனால மறுக்க முடியாது. அடுத்து, கோபத்துக்கு அடியில என்ன இருக்குன்னு பாருங்க. பாதி நேரம் அது போன் இல்ல, வட்டிக் கவலை. "உன் மேல கோவம் இல்லடா. காசு டென்ஷன்ல ராத்திரி தூக்கமே இல்ல. கொஞ்ச நேரம் படுக்கணும், வீடியோ சத்தத்தைக் குறைச்சுக்கிறியா?" நாலு படியும் இதுல வந்துடுச்சு. புத்தகத் தமிழ்ல பேசினா "இன்னா நைனா, உடம்பு சரியில்லையா?"ன்னு கேட்பான், ஜாக்கிரதை!

அவன் "முடியாது"ன்னா? அதுக்கு அடி விழும்னா நீங்க போட்டது ஆர்டர். கேட்கிறதுன்னா 'முடியாது'க்கும் இடம் இருக்கணும். ஏன்னு கேளுங்க, மேட்ச்ல கடைசி ஓவரா இருக்கலாம்.

டியூஷன் எடுக்கிற அக்கா, அண்ணன்களே, உங்களுக்கும்தான். "கணக்கு வராது"ன்னு நோட்டைத் தூக்கிப் போடுற பொண்ணுகிட்ட "திமிரு"ன்னு சொல்லாம, "கஷ்டமா இருக்கா? பக்கத்துல உக்காந்து சொல்லித் தரவா?"ன்னு கேட்டுப் பாருங்க. ஸ்கூல்ல அடிக்கிறதையும் மனசு நோகடிக்கிறதையும் 2009 கல்வி உரிமைச் சட்டத்தோட 17-வது பிரிவே தடை செய்யுது.

ஆனா, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல குழந்தை கன்டெய்னர் லாரி முன்னாடி ஓடினா? படி எல்லாம் எண்ணாதீங்க, கையைப் புடிச்சு இழுங்க. காப்பாத்தறதுக்காக பலத்தைக் காட்டறதை ரோசன்பெர்க்கும் ஒத்துக்கிறார். இழுத்த பிறகு விழுற அறை வேற, அது நம்ம பயத்துக்கு. அந்த இடத்துல, "எனக்கு நெஞ்சே நின்னுடுச்சுடா. ரோடு தாண்டறப்போ என் கையைப் புடிச்சுக்கிறியா?"