பழைய கோ-கார்ட்டும் அதன் காலத்து எஞ்சினும்

தமிழ் கற்பிப்போர் இயந்திரங்களைப் பற்றி எழுதப் புகுதல் சிலருக்கு வியப்பைத் தரலாம். ஆயினும், பழுதுற்றுக் கிடக்கும் பழம்பொருளொன்றை மீண்டும் வழங்கச் செய்தல் என்னும் தொழில் ஏட்டுச் சுவடியிலும் உண்டு. எண்ணெய் படிந்த எஞ்சினிலும் உண்டு. எம் கல்லூரிப் பழைய மாணவருள் பொறியியலாளராயும் வேலைத்தலம் நடத்துவோராயும் விளங்குவோர் பலர். கடல் கடந்த நாடுகளில் வாழ்வோரும் பலர். அவர்களுள் எவரேனும் ஒருவர், தாம் வாழும் ஊரில், ஒரு வீட்டின் பின்புறக் கொட்டிலிலே கறளேறிக் கிடக்கும் சிறு வண்டியொன்றைக் காணக்கூடும். அதனைப் பழைய இரும்பு விலைக்கு விற்றுவிடாமலும், புத்தம் புதிதாக்கிக் கெடுத்துவிடாமலும் இருத்தற்கு உதவுமென எண்ணி இக்கட்டுரையை வரைகின்றோம்.

கோ-கார்ட் என்பது மோட்டார் வண்டிகளுள் மிகச் சிறியது. உருக்குக் குழாய்களை வளைத்து ஒட்டிய சட்டகம், நான்கு சிறு சில்லுகள், ஓர் இருக்கை, அதன் பின்னே ஓர் எஞ்சின், இவ்வளவே அதன் உடல். மேற்கூடு இல்லை, அதிர்ச்சி தாங்கும் வில் இல்லை, பெரும்பாலானவற்றிற் கியரும் இல்லை. ஓட்டுபவர் நிலத்துக்கு இரண்டொரு அங்குலம் மேலே அமர்ந்து செல்வர்.

இதனை முதன்முதல் ஆக்கியவர் அமெரிக்காவில் தென் கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆட் இங்கல்ஸ் என்பவராவர். பந்தயக் கார்கள் செய்யும் கேர்ட்டிஸ் கிராஃப்ட் நிலையத்திலே தொழில் புரிந்த அவர், லூ பொரெல்லி என்னும் நண்பரின் துணையுடன் 1956ஆம் ஆண்டில் அதனை அமைத்தார். புல்வெட்டும் இயந்திரத்துக்கெனச் செய்யப்பட்டுத் தேவைக்கு மேல் எஞ்சிக் கிடந்த வெஸ்ற் பெண்ட் எஞ்சினொன்று அதற்குப் பொருத்தப்பட்டது. வெஸ்ற் பெண்ட் நிறுவனத்தார் அலுமினியச் சமையற் பாத்திரங்களாற் பெயர் பெற்றவர்கள் என்பது ஒரு வேடிக்கை. அவ்வாண்டிலே பொமோனாவில் நடைபெற்ற கார்ப் பந்தயத்துக்கு இங்கல்ஸ் தமது சிறு வண்டியைக் கொண்டு சென்றார். கண்டவர்கள் தாமும் ஒன்று செய்ய விரும்பினர். பசடீனா நகரின் ரோஸ் பௌல் விளையாட்டரங்கின் கார் நிறுத்துமிடமே அவர்கள் கூடி ஓடிய முதற் களமாயிற்று. சைலன்சர்க் கடை நடத்திய டஃபி லிவிங்ஸ்டன், ரோய் டெஸ்புரோ ஆகியோர் பிறருடன் கூடி அசூசா என்னும் ஊரில் இவ்வண்டிகளை விற்பனைக்குச் செய்யத் தொடங்கினர். கோ-கார்ட் என்ற பெயரை வழங்கியவர் லின் வைன்லண்ட் என்னும் பத்திரிகையாளர். 1957இல் ஓட்டுவோர் சங்கமும் தோன்றிவிட்டது.

இங்கே நாம் கருத வேண்டியது எஞ்சினின் பிறப்பு. தொடக்க காலத்துக் கார்ட்டுக்கென்றே பிறந்த எஞ்சின் ஒன்றேனும் இருந்ததில்லை. புல்வெட்டியிலிருந்து ஒன்று வந்தது. அயோவா மாநிலத்துக் கிளின்டன் நிறுவனத்தின் சிறு எஞ்சின்களும் பிற வேலைகளுக்குப் பிறந்தவையே. மரம் அறுக்கும் சங்கிலிவாள்களைச் செய்து வந்த லொஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து மக்கலொக் நிறுவனத்தார், தம் வாளெஞ்சினைத் திருத்தியமைத்து, 1959இல் எம்.சி.-10 என்ற பெயரிற் கார்ட்டுக்கென வெளியிட்டனர். இங்கிலாந்துக்கு இவ்வண்டி 1950களின் இறுதியில் அமெரிக்க விமானப்படையினருடன் சென்றது. அங்கே மோட்டார் சைக்கிளுக்குரிய 197 கன சென்ரிமீற்றர் வில்லியர்ஸ் எஞ்சினைக் கியருடன் பூட்டி ஓட்டுவதும் வழக்கமாயிற்று. பின்னர் இத்தாலியர் முன்னுக்கு வந்தனர். 1964இல் நடந்த முதலாவது உலகப் போட்டியில் குய்டோ சாலா என்ற இத்தாலியரும், 1966இல் சுசானா ரகனெல்லி என்ற இத்தாலியப் பெண்மணியும் வெற்றி பெற்றனர். ஆடவரோடு சரிநிகராக ஓடி ஒரு பெண் உலகப் பட்டம் பெற்ற அவ்வெற்றி இன்னும் பலரறியாத செய்தியாக இருப்பது வருந்தற்குரியது.

இனி, வண்டி எம் முன் கிடக்கிறதெனக் கொள்வோம். புதுக்குவோர் முதலிற் கேட்க வேண்டிய வினா, அதனை எந்த ஆண்டின் நிலைக்குக் கொண்டு செல்வது என்பதே. ஏனெனில், அக்காலத்தார் சட்டகத்தை வைத்துக்கொண்டு எஞ்சினை அடிக்கடி மாற்றினர். 1957இற் செய்யப்பட்ட ஒரு வண்டி முதலில் வெஸ்ற் பெண்ட்டுடன் ஓடி, 1959இல் மக்கலொக்கைப் பெற்று, அதன்பின் இடமும் வலமுமாக இரண்டு எஞ்சின்களைச் சுமந்திருத்தல் கூடும். இவற்றுள் எது உண்மை வடிவம்? எல்லாம் உண்மையே. ஆனால் மூன்றையும் ஒரு வண்டியிற் கலந்தால் எக்காலத்தும் இல்லாத ஒன்று பிறக்கும். சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் கலித்தொகையை 1887இல் அச்சேற்றியபோது பல பிரதிகளை ஒப்புநோக்கினார்கள். பாடங்கள் வேறுபட்ட இடத்துத் தமக்கு இனிமையாகத் தோன்றும் சொல்லைப் புதிதாக இட்டு நிரப்புதல் பதிப்பாசிரியர் வேலையன்று. கார்ட்டுக்கும் அஃதே முறை என்பது எமது துணிபு.

ஆதலின் எஞ்சினைத் தேடுமிடத்து ஒரு வரிசை உண்டு. வண்டியுடன் கிடைத்த எஞ்சின், எத்துணைச் சீர்கெட்டிருப்பினும், முதலிடம் பெறும். அஃதின்றேல் அதே வகையில் வேறொன்று. அதுவும் கிட்டாதாயின், அவ்வாண்டிலே அத்தகைய வண்டியிற் பூட்டப்பட்டதென்று பழைய விளம்பரத்தாலோ புகைப்படத்தாலோ அறியக்கூடிய பிறிதோர் எஞ்சின். பழைய வடிவத்தைப் பார்த்து இன்று செய்யப்படும் எஞ்சின்களும் பாகங்களும் உள. ஓட்டி மகிழ விரும்புவோர் அவற்றைக் கொள்வதிற் குற்றமில்லை. பழமை போலத் தோன்றுவது என்று வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் எவரும் ஏமாறார். இக்காலத்துத் தண்ணீர் இறைக்கும் எஞ்சினைப் பூட்டிவிட்டுப் பழைய வண்டி என்று பெயர் சொல்வதைத்தான் நாம் ஏற்பதற்கில்லை.

கழற்றுமுன் எழுதுக. எல்லாப் பக்கமும் படமெடுத்து, நீள அகலங்களை அளந்து, எந்த ஆணி எங்கிருந்தது என்பதைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். ஆணிகளும் சான்று பகர்வன. அமெரிக்க வண்டியில் அங்குல அளவிலான புரியுடைய ஆணிகளே இருந்திருக்கும். மில்லிமீற்றர் அளவில் ஒன்று அகப்பட்டால் அவ்விடம் பிற்காலத்திற் கைபட்ட இடமாகும். இருக்கையின் பிடிப்புக்கு அடியிலும் எஞ்சின் தாங்கும் தகட்டுக்கு அடியிலும் வெயிலும் அரமும் படாத பழைய வர்ணம் மறைந்திருக்கும். அவ்விடத்தை மென்மையான உரைத்தாளாற் படிப்படியாகத் தேய்த்தால், மரத்தின் வளையங்கள் போல வர்ண அடுக்குகள் ஒன்றன் கீழ் ஒன்றாகத் தோன்றும். அவசரப்பட்டு மணல் வீசிச் சுத்தஞ் செய்வோர் இச்சான்றை ஒரு நாழிகையில் அழித்துவிடுகின்றனர். மீண்டும் அதனைப் பெற ஒரு வழியுமில்லை.

சட்டகத்தை மட்டமான தளத்தில் வைத்து, மூலைக்கு மூலை நூல் பிடித்துப் பார்த்தால் கோணல் தெரியவரும். குழாய்கள் உள்ளிருந்தே கறள் தின்பவை. சிறு சுத்தியலாற் தட்டிக்கொண்டு போகும்போது ஓசை மங்குமிடம் மெலிந்த இடம். வெடிப்புகளைக் காண்பதற்குப் பழைய வேலைத்தலங்களில் ஓர் எளிய வழி இருந்தது. ஐயத்துக்குரிய ஒட்டின்மேல் மண்ணெண்ணெயைப் பூசிச் சிறிது நேரம் ஊறவிட்டு, நன்றாகத் துடைத்து, வெண்கட்டிப் பொடியைத் தடவினால், வெடிப்பினுள் நின்ற எண்ணெய் வெளிவந்து பொடியிற் கோடாகத் தெரியும். வகுப்பறைக்குரிய வெண்கட்டி இதற்கும் உதவுகின்றது. பித்தளையால் ஒட்டிய பழைய இணைப்பின் மேலே மின் வெல்டிங் வைப்பது ஆகாது. எஞ்சிய பித்தளை கலந்து புதிய ஒட்டும் வெடிக்கும்.

திசை திருப்பும் பாகங்கள், முன் சில்லுகளைத் தாங்கும் முளைகள், பின் அச்சு, பிறேக் ஆகியவற்றில் மட்டும் பழமைப் பற்றை நாம் கைவிட வேண்டும். அறுபது ஆண்டு உழைத்த உருக்கு முளை, பார்வைக்கு நன்றாயிருந்தும், ஓட்டத்தில் முறியலாம். முறிந்தால் சில்லு ஒருபுறமும் ஓட்டியவர் மறுபுறமுமாவர். பழையதைத் துடைத்து, பெயர்ச்சீட்டுக் கட்டிப் பெட்டியில் வைத்துவிட்டு, அதே வடிவிற் புதிதாகச் செய்வித்த முளையைப் பூட்டுவதே அறிவுடைமை. தொடக்க வண்டிகள் சிலவற்றின் பிறேக் வெறும் நெம்புகோல். அஃது டயரின் மேல் உராய்ந்து வேகத்தைக் குறைக்கும். காட்சிக்கு அது போதும், பிறர் ஓடும் களத்துக்குப் போதாது. பழைய பிறேக் பட்டைகளிற் கல்நார் இருந்திருக்கக்கூடும் ஆதலால் அத்தூசியை ஊதுவதும் துடைப்பத்தாற் கூட்டுவதும் கூடா. இரு பாதியாக ஆணியிட்டு இணைத்த சில்லுகளைக் கழற்றுமுன் காற்றை முற்றாக இறக்கிவிடல் வேண்டும். சில்லு மக்னீசியமாயின் அதன் சீவல் எளிதிற் தீப்பற்றும். பற்றியதை நீரூற்றி அணைக்க முயல்வது பேராபத்து.

எஞ்சினுக்கு வருவோம். இவை பெரும்பாலும் இரண்டடிப்பு எஞ்சின்கள். பெற்றோலும் எண்ணெயும் காற்றுங் கலந்த கலவை முதலில் முசலத்தின் கீழுள்ள அடிக்கூட்டுக்குள் இழுக்கப்பட்டு, பின்னர் முசலம் இறங்கும்போது மேலே தள்ளப்படும். ஆகவே அடிக்கூடு காற்றுப் புகாத பெட்டியாக இருத்தல் இன்றியமையாதது. நெடுங்காலம் கிடந்த எஞ்சினில், தண்டு வெளிவரும் இரு முனைகளிலுமுள்ள இறப்பர் வளையங்கள் கல்லாகிவிடும். அவ்வழியாகக் காற்று உட்புகுந்தாற் கலவையிற் பெற்றோலும் எண்ணெயும் குறையும். எஞ்சின் முன்னிலும் உரத்துப் பாய்வது போலத் தோன்றும். சிறிது நேரத்துள் முசலம் சூடேறி உருகிப் பிடித்துவிடும். எஞ்சின் உரமாயிருக்கிறது என்று மகிழ்ந்த பலர் அடுத்த சுற்றிலேயே அதை இழந்தது இதனாலேதான். விலை குறைந்த இவ்வளையங்களை மாற்றாமல் எந்த எஞ்சினையும் இயக்கலாகாது.

கலவை புகும் வாயிலில் மெல்லிய உருக்குத் தகட்டு நாக்குகள் உள. கறள் பட்ட அல்லது விளிம்பு சிதைந்த நாக்கு முறிந்து உள்ளே வீழ்ந்தால் எஞ்சினைத் தின்னும். மின்பொறி தருவது மின்கலமன்று, சுழலும் சில்லிற் பதித்த காந்தமே. தொடுமுனைகளின் மேற் படிந்த வெண்படலத்தை மென்மையான கல்லாற் தேய்த்து, அங்குலத்தின் ஆயிரத்தில் ஏறத்தாழப் பதினைந்து முதல் இருபது பங்கு இடைவெளி வைத்து, கொண்டென்சரைப் புதிதாக்கினால், இறந்ததென்று கருதிய காந்தம் பெரும்பாலும் உயிர்பெறும். பந்தயக்காரர் ஆமணக்கெண்ணெயை விரும்பினர். அது பல்லாண்டு கிடந்தால் அரக்காக இறுகும். இறுகிப்போன முசலத்தைச் சுத்தியலால் அடிப்பவர் எஞ்சினை அறியாதவர். ஊறும் எண்ணெயிற் சில நாள் கிடத்தி, இளஞ்சூடு காட்டி, மரக்கட்டையால் மெல்ல அழுத்தினால் அது தானே இளகும்.

அக்காலத்துப் புகழ்பெற்ற காபரேற்றர் ரில்லொட்சன் எச்.எல். வகையாகும். சங்கிலிவாள் தலைகீழாகவும் வேலை செய்ய வேண்டியிருந்தமையால், மிதவைக்குப் பதிலாக மெல்லிய சவ்வொன்று அதிற் பெற்றோலை அளந்து விடுகின்றது. அச்சவ்வு விறைத்துப் போயிருக்கும், அதனை மாற்றுக. இன்று அமெரிக்காவில் விற்கப்படும் பெற்றோலிற் பெரும்பாலும் நூற்றுக்குப் பத்துப் பங்குவரை எதனோல் கலந்திருக்கின்றது. அது பழைய இறப்பரைக் கெடுக்கும். காற்றிலுள்ள ஈரத்தையும் ஈர்க்கும். ஆதலால் ஓடி முடிந்ததும் தாங்கியை வெறுமையாக்கி விடுதல் நலம். 1990களின் பொருளாதாரத் தடையின்போது, சில துளி பெற்றோலிற் தொடக்கி, மண்ணெண்ணெயிலே மோட்டார் சைக்கிளையும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களையும் ஓட்டிய எம்மவர்க்குக் காபரேற்றரின் மனநிலை பற்றி நாம் விரித்துரைக்க வேண்டியதில்லை.

வர்ணம் பூசுவது பற்றிப் பலரும் மிகுதியாகப் பேசுவர். நாம் சுருக்கமாகவே சொல்வோம். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளிலும் இவ்வண்டிகள் கண்ணாடி போல மின்னவில்லை. தூரிகைத் தடமும் ஒட்டின் கரடும் அவற்றின் இயல்பு. குரோமிய முலாம் வெடிப்பை மறைக்கும்; அன்றியும், முலாமிடும் அமிலத் தொட்டியில் ஐதரசன் உட்புகுந்து கடினமான உருக்கை நொய்யதாக்கும். முலாமிட்டவுடனே உலையிற் சூடேற்றி அதை வெளியேற்றாத பட்டறையில் திசை திருப்பும் பாகம் எதையும் கொடாதிருக்க.

எல்லாம் பூட்டியான பின், சங்கிலியின் தளர்வையும் பற்சில்லுகளின் நேர்மையையும் பார்த்து, எஞ்சினை நிறுத்தும் ஆளி வேலை செய்கிறதா என்பதை முதலிற் சோதித்து, அதன் பின்னரே இயக்கல் வேண்டும். கிளச் இல்லாத வண்டியாயின் இருவர் பின்னிருந்து தள்ள வேண்டியிருக்கும். முதல் நாளில் அரை வேகத்திற் சில சுற்றுகள் போதும். சுற்று முடிந்ததும் மின்பொறிச் செருகியைக் கழற்றிப் பார்க்க. அதன் முனை தவிட்டு நிறமாயின் கலவை செவ்வை. வெளுத்திருந்தாற் காற்று மிகுதி. உடனே நிறுத்திவிட்டு அடிக்கூட்டை மீண்டும் ஆராய்க. மாற்றிய பாகம் எது, பழையது எது, எஞ்சின் எங்கிருந்து பெறப்பட்டது, எந்த ஆண்டின் வடிவம் கொள்ளப்பட்டது என்னும் விவரங்களை ஒரு தாளில் எழுதி, எண்ணெய் படாத உறையிலிட்டு, இருக்கையின் அடியிலே கட்டிவைத்தல் வேண்டும். கழற்றிய பழைய முளைகள் உள்ள பெட்டியும் வண்டியுடனேயே இருக்கட்டும்.