காவலும் சிறையும்: மணிமேகலையில் விழாக்காலப் பின்தொடர்தலும் திகில் திரைப்பட மரபும்

ஆய்வுச்சுருக்கம்

விழா நாளில் ஒரு பெண்ணை ஒருவன் பின்தொடர்ந்து அடைத்துவைக்கும் கதை, இன்றைய திகில் திரைப்படத்தின் தனிக்கிளையாக வளர்ந்துள்ளது. இக்கதையமைப்பின் அடிப்படைக் கூறுகள் சாத்தனாரின் மணிமேகலையில் இந்திர விழாவின் பின்புலத்தில் அமைந்துள்ளன. அங்குப் பின்தொடர்பவனோடு, பெண்ணுக்குக் காவலாக நிற்போரும் தத்தம் பங்குக்கு ஒரு கதவை அடைக்கின்றனர். இதனைக் 'காவல்' என்னும் சொல்லின் இருபொருள் வழியாக இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: மணிமேகலை, உதயகுமரன், பளிக்கறை, இந்திர விழா, பெருந்திணை, பின்தொடர்தல், திகில் திரைப்படம்

முன்னுரை

பிராங்க் கல்ஃபூன் இயக்கி 2007ஆம் ஆண்டு வெளிவந்த 'பி2' என்னும் அமெரிக்கத் திரைப்படம், நியூயார்க்கில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் நிகழ்கிறது. அலுவலகத்தில் கடைசி ஆளாக வேலை முடித்து இறங்கும் ஆஞ்சலாவின் கார், நிலத்தடி வண்டி நிறுத்தகத்தில் கிளம்ப மறுக்கிறது. அங்கிருக்கும் காவலாளி தாமஸ் அவளை நெடுநாளாகக் கண்காணித்து வந்தவன். அவளை மயக்கமுறச் செய்து, சங்கிலியால் பிணைத்து, தன்னோடு விருந்துண்ண உட்கார வைக்கிறான். கட்டடம் முழுதும் காலி. விடுமுறையாதலால் மறுநாளும் எவரும் வரப்போவதில்லை. ஆளில்லாமையே இக்கதையின் அச்சத்துக்கு அடிப்படை.

இக்கதையை விருத்தாசலத்திலிருந்து நோக்கும் ஒருவருக்கு ஓர் இடறல் ஏற்படும். மாசி மகத்தன்று திருமுதுகுன்றமாகிய இவ்வூர் வெறிச்சோடுவதில்லை. விருத்தகிரீசுவரர் கோயில் வீதிகளும் மணிமுத்தாற்றங்கரையும் அன்றுதான் நிரம்பி வழிகின்றன. பீங்கான் தொழிலை நம்பி வாழும் குடும்பங்களில், அகல் விளக்கு செய்வோருக்குக் கார்த்திகைக்கு முந்தைய வாரங்கள் ஓய்வுக்காலம் அல்ல. வேலை குவியும் காலம். நம் விழாக்கள் ஊரைக் கூட்டுபவை, கலைப்பவை அல்ல. அவ்வாறாயின், விழா நாளில் ஒரு பெண் தனித்து அகப்படும் கதை தமிழில் எப்படி அமையும் என்னும் வினா எழுகிறது. விடை தேடத் திரையரங்குக்குச் செல்லுமுன் காவிரிப்பூம்பட்டினத்துக்குச் செல்லவேண்டியுள்ளது.

விழா தரும் மறைவு

மணிமேகலை விழாவில் தொடங்குகிறது. யானை மீதேறிய வள்ளுவன் முரசறைந்து, 28 நாள் நிகழும் இந்திர விழாவை அறிவிக்கிறான். அந்நாட்களில் பகையும் பூசலும் கொள்ளாது விலகியிருக்க வேண்டும் என்பதும் அவ்வறிவிப்பில் அடங்கும். மாதவியும் மணிமேகலையும் அவ்விழாவில் ஆட வரவில்லை. அதனால் ஊர் அலர் தூற்றுகிறது. கதையின் முதல் நெருக்கடி இதுதான்: விழாவில் காட்சிப்பொருளாக நிற்கவேண்டியவள் நிற்க மறுக்கிறாள்.

கோவலனுக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததைக் கேட்டு மணிமேகலை சிந்திய கண்ணீர், அவள் தொடுத்த மாலையின் தூய்மையைக் கெடுக்கிறது. புதுமலர் கொய்துவர மாதவி அவளை அனுப்ப முனையும்போது, சுதமதி குறுக்கிட்டுத் தனியே அனுப்பலாகாது என்கிறாள். காரணமாக அவள் சொல்வது தன் கதையையே. சண்பை நகரத்தில் தனித்து மலர் கொய்த தன்னை, இந்திர விழாக் காண வந்த மாருதவேகன் என்னும் விஞ்சையன் கவர்ந்து சென்று, பின் புகாரில் விட்டுவிட்டுப் போனான் என்கிறாள். அதே விழா, அதே மலர் கொய்தல், அதே தனிமை. முன்பொருமுறை அகப்பட்டவளே இன்று தோழியாகவும் எச்சரிப்பவளாகவும் நிற்கிறாள். இந்த இணையமைப்பு போதிய கவனம் பெறவேண்டிய ஒன்று என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

பின்னர் இருவரும் தெருவில் செல்கின்றனர். கள்ளுண்டவன் ஒருவன் சமணத் துறவியிடம் வம்பு வளர்ப்பதும், பித்தன் ஆடுவதும், பேடியின் கூத்தும் கூட்டத்தை ஈர்க்கின்றன. வேடிக்கை பார்த்து நின்ற மக்கள் மணிமேகலையைக் கண்டதும் அவளைச் சூழ்ந்துகொள்கின்றனர். இவளைத் துறவுக்கு விட்ட தாய் கொடியவள் என்று இரங்குகின்றனர். எவரும் அவளுக்குத் தீங்கு செய்யவில்லை. ஆயினும் எல்லோரும் பார்த்துவிட்டனர். அவ்வாறு பார்த்த எட்டிகுமரன் வாயிலாகவே அவள் சென்ற வழி உதயகுமரனுக்குத் தெரியவருகிறது. 'பி2'வில் சாட்சியின்மை ஆபத்தாகிறது. இங்குச் சாட்சிகளின் மிகுதியே ஆபத்தாகிறது. விழாக்கூட்டம் பெண்ணுக்கு அரண் என்னும் பொது நம்பிக்கையைச் சாத்தனார் இவ்விடத்தில் தலைகீழாக்குகிறார்.

பளிக்கறை

மதங்கொண்ட காலவேகம் என்னும் யானையை அடக்கிய பெருமிதத்தோடு வரும் சோழ இளவரசன், மணிமேகலையைத் தன் தேரில் ஏற்றிவருவேன் எனச் சூளுரைத்துவிட்டு உவவனம் நோக்கித் தேரைச் செலுத்துகிறான். மணியொலியை முதலில் கேட்பவள் மணிமேகலை. உருவம் தெரிவதற்கு முன் ஒலி நெருங்குவது இன்றைய திகில் படத்தின் உத்தி எனக் கருதப்படுவது. காப்பியம் அதனை இயல்பாகக் கையாள்கிறது.

சுதமதி அவளைப் பளிக்கறையினுள் புகுத்தித் தாழிடச் செய்துவிட்டு, ஐந்து வில் தொலைவில் தான் மட்டும் வெளியே நிற்கிறாள். அம்மண்டபத்தின் தன்மை முந்தைய காதையிலேயே சொல்லப்பட்டுவிட்டது: உள்ளிருப்பவரின் உருவம் வெளியே தெரியும், ஓசை வெளியே வராது. பார்க்கப்படலாம், கேட்கப்பட முடியாது என்னும் இந்நிலையைவிடக் கூர்மையான திகிலிடத்தை எந்தத் திரைக்கதையாசிரியர் அமைத்துவிட முடியும்? உதயகுமரன் உள்ளே தெரியும் உருவத்தை முதலில் ஓவியம் என்று எண்ணுகிறான். பின் உண்மை உணர்ந்து, பளிங்குச் சுவரைக் கையால் தடவிக் கதவைத் தேடுகிறான். வாயில் அவனுக்கு அகப்படவில்லை.

இங்கு ஒரு சிறு ஐயம் எழுகிறது. வெளியே வந்த மணிமேகலை, தன்னைக் கற்பும் தவவுணர்வும் அற்றவள், விலைமகள் என அவன் இகழ்ந்ததைக் குறிப்பிடுகிறாள். உள்ளோசை புறம் போகாத அறையில் புறவோசை உட்புகுந்ததா? காப்பியம் அதனை விளக்கவில்லை. விளக்கத் தேவையில்லை என்றே தோன்றுகிறது. அவனுடைய சொல் அவளை எட்டும், அவளுடைய சொல் அவனை எட்டாது என்பதே அவ்வறையின் இயல்பாக அமைகிறது.

அவளுடைய அடுத்த கூற்று மேலும் சிக்கலானது. இகழ்ந்தவன் என்று விலகாமல் தன் நெஞ்சம் அவன்பின் போனதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டு, காமத்தின் இயல்பு இதுதானோ என வியக்கிறாள். இக்கூற்றைச் சான்றாகக் கொண்டு, உதயகுமரன் செயலைக் 'காதல்' என வகுப்பறையில் எளிதாகப் பெயரிட்டுவிடுகிறோம். அவள் நெஞ்சின் அசைவு அவன் செயலுக்கு இசைவு ஆகாது. அவள் தாழைத் திறக்கவில்லை. அவன் அகன்ற பின்னரே வெளிவருகிறாள்.

தொல்காப்பிய அகத்திணையியலும் இங்குத் துணை நிற்கிறது. மடலேறுதல் முதலாக நான்கு நிலைகளைப் பெருந்திணைக்கு வகுக்கும் தொல்காப்பியர், மிகுந்த காமத்தால் வலிமை காட்டுவதை அவற்றுள் ஒன்றாக வைக்கிறார். ஐந்திணைக் களவில் தலைவியை அணுகுபவன் தோழியைக் கடந்தே ஆகவேண்டும். அவள் அவனை அலைக்கழித்து நிறுத்துவாள். சுதமதி நிற்பதும் அவ்விடத்தில்தான். காமம் மேலிட்டபோது அடக்கம் தடுக்குமோ என்று அவளிடமே கேட்டு, சித்திராபதி வழியாக மணிமேகலையை அடைவேன் எனச் சொல்லிச் செல்பவன் அகத்திணைத் தலைவன் அல்லன்.

திரையில் மலையும் நாள்காட்டியும்

தமிழ்த் திரைப்படம் இக்கதையை எடுத்தாண்டபோது, கூட்டத்தைக் கலைக்க விழாவைப் பயன்படுத்த இயலாமையால் இடத்தைப் பயன்படுத்தியது. பாலு மகேந்திராவின் 'மூடுபனி' (1980) நாயகியை ஊட்டிக்குக் கடத்திச் செல்கிறது. 'குணா' (1991) கொடைக்கானல் குகைக்குக் கொண்டுசெல்கிறது. இரண்டும் தீபாவளியை ஒட்டி வெளியானவை. விழா, கதைக்குள் இல்லாமல் திரையரங்கின் வாசலில் இருந்தது. மூடுபனியில் கிதாரோடு ஒலிக்கும் யேசுதாஸின் பாடல், கடத்தியவன் கடத்தப்பட்டவளுக்காகப் பாடுவது என்பதை இன்று விரும்பிக் கேட்போர் பலர் நினைப்பதில்லை. குணாவில் பெண் அடைபட்ட குகையோ அப்படத்தின் பெயராலேயே சுற்றுலா இடமாகிவிட்டது.

அஸ்வின் சரவணனின் 'கேம் ஓவர்' (2019) இப்போக்கிலிருந்து விலகுகிறது. முந்தைய புத்தாண்டு இரவில் பாலியல் வன்முறைக்கு ஆளான ஸ்வப்னாவுக்கு, அந்நாள் மீண்டும் நெருங்குவதே நோயாகிறது. இங்கு விழா நாள் ஊரைக் காலியாக்குவதுமில்லை, கூட்டுவதுமில்லை. உடலில் பதிந்த தேதியாக நிற்கிறது. காவலாளியும் கண்காணிப்புக் கேமராவும் உள்ள வீட்டினுள் கொலைகாரர்கள் நுழைகின்றனர். அவளோடு இறுதிவரை நிற்பவர் வீட்டுப் பணியாளரான கலாம்மா. சுதமதியின் இடத்தைத் திரை மீண்டும் நிரப்பிய அரிய தருணம் இது.

காவல்

தமிழில் 'காவல்' என்பது பாதுகாப்பையும் குறிக்கும், அடைத்துவைத்தலையும் குறிக்கும். 'பி2'வில் காவலாளியே சிறைப்படுத்துவோன் ஆவது ஒரு கதைத் திருப்பம். மணிமேகலையில் அது படிப்படியாக விரியும் ஒரு நிகழ்வுத் தொடர். பளிக்கறையின் தாழ் தோழியின் அன்பால் விழுந்தது. அவ்விரவே மணிமேகலா தெய்வம் அவளை உறக்கத்தில் மணிபல்லவத்துக்கு எடுத்துச் செல்கிறது. காப்பதற்காகவே எனினும் அவளைக் கேளாமலே. அங்கு, உதயகுமரன் முற்பிறப்பில் அவள் கணவன் இராகுலன் என்பது தெரியவருகிறது. பின்தொடர்பவனுக்கு ஒரு முன்னுரிமையைத் தருவதுபோல் தோன்றும் இப்பகுதி, இன்றைய வாசகருக்கு நெருடலானது. குணா தன் கைதியை அபிராமி என நம்புவதற்கும் இதற்கும் உள்ள ஒப்புமை எண்ணத்தக்கது. ஆயினும் காப்பியம் அவ்வுறவை அவனுக்கு வழங்கிவிடவில்லை. காயசண்டிகை வடிவிலிருந்த அவளை நள்ளிரவில் தேடிவந்தவன், காஞ்சனன் வாளால் மடிகிறான்.

அரசன் மகனுக்காக இரங்கவில்லை. தான் செய்யவேண்டிய தண்டனையை விஞ்சையன் செய்துவிட்டான் என்கிறான். அதே மூச்சில் மணிமேகலையைக் காவலில் வைக்கவும் ஆணையிடுகிறான். குற்றவாளி இறந்த பிறகு சிறைக்குப் போகிறவள் பின்தொடரப்பட்டவள். 2013ஆம் ஆண்டுத் திருத்தம் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவாகச் சேர்த்து, இன்று பாரதிய நியாய சங்கிதாவின் 78ஆம் பிரிவாக உள்ள 'பின்தொடர்தல்' குற்றம், ஆண் செய்வதைப் பெயரிட்டுத் தண்டிக்கிறது. பெண்ணை வீட்டுக்குள் நிறுத்திவைக்கும் காவலைப் பற்றிச் சொல்ல அச்சட்டத்துக்கு வழியில்லை.

சிறைசெய் காதையிலேயே இதற்கு இணையான கிளைக்கதை ஒன்று உண்டு. காவிரியில் நீராடித் தனியே வந்த மருதியைக் காகந்தன் மகன் விரும்பி அழைக்கிறான். அவள் சதுக்கப் பூதத்திடம் முறையிடுகிறாள். பூதம் நீதி வழங்குவதாகச் சொன்னாலும், முதலில் அவளிடமே குறை காண்கிறது: பிறர் சொல்லும் கதைகளைக் கேட்டாய், முழவொலிக்கும் விழாவை விரும்பினாய், ஆதலால் உன் சொல்லுக்கு மழை பெய்யாது. விழாவுக்குப் போனதே குற்றம் என்பதன் பழைய வடிவம் இது. மாசி மகக் கூட்டத்துக்குப் புறப்படும் மகளிடம் இன்றும் வாசலில் சொல்லப்படும் எச்சரிக்கைகளில் சுதமதியின் குரல் எது, பூதத்தின் குரல் எது என்று பிரித்தறிவது எளிதன்று.

இறுதிப் பூட்டு அரசியுடையது. மகனை இழந்த இராசமாதேவி மணிமேகலையைச் சிறையிலிருந்து விடுவித்துத் தன்னிடம் கொண்டுசெல்கிறாள். மயக்க மருந்து ஊட்டுகிறாள். இளைஞன் ஒருவனை ஏவுகிறாள். உணவின்றிப் புழுக்கறையில் அடைக்கிறாள். ஏவப்பட்டவன் வந்தபோது மணிமேகலை ஆணுருக் கொள்கிறாள். பசியை மந்திரத்தால் வெல்கிறாள். வான்வழியே செல்லும் மந்திரமும் அவளிடம் இருந்தது. அதனை மட்டும் அவள் பயன்படுத்தவில்லை. அடைத்தவளின் எதிரே நின்று, நீ அழுதது மகனின் உடலுக்காகவா, உயிருக்காகவா என்று கேட்கிறாள். பளிக்கறையில் புறம்போகாத குரல் இப்போது அரசியின் செவியில் விழுகிறது.